பெயர் ஒன்று, ஊர் வேறு

ஒரே வகுப்பில் மூன்று தெரேசாக்கள் இருந்தால், தலைப்பெழுத்தைக் கொண்டு பிரித்தறிகிறோம். திருச்சபையோ ஊரைக் கொண்டு அறிகிறது. கார்மேல் சபையைச் சீர்திருத்தியவர் அவிலா தெரேசா (1515-1582). சிறு செயலையும் பேரன்போடு செய்து, 24 வயதில் மறைந்த 'சிறுமலர்' லிசியே தெரேசா (1873-1897). அவர் பெயரைத் தாமே விரும்பி ஏற்று, ஏழைகளுக்காக உழைத்து, 2016-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர் கொல்கத்தா தெரேசா (1910-1997).

நம் நாட்டு வழக்கமும் இதுவே. வடலூர் வள்ளலாரின் பெயர் இராமலிங்கம். 1888-இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரின் பெயரும் இராமலிங்கம். ஒருவர் பசித்தோருக்கு அன்னமிட்டார். மற்றவர் நாட்டு விடுதலைக்குப் பாடினார்.

பெயரைப் பெற்றோர் தருவர். அதற்குப் பொருள் தருவது நம் வாழ்வே. புனிதர் பெயரைத் தாங்கும் நாம், நம் ஊரும் நம்மால் பெயர் பெற வாழ்வோமாக!