நுரைக்கும் வெளுப்புக்கும் என்ன சம்பந்தம்?

நம்பிக்கை: நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும்.

20 வருடமாக வாஷிங் மிஷின் சர்வீஸ் பார்க்கிறேன். இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன வாரம்கூட ஓர் அம்மா, "கண்ணாடி வழியாப் பார்த்தா நுரையே தெரியலைங்க, மிஷின்ல ஏதோ கோளாறு" என்றார். பவுடர் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டேன். கையைக் குவித்துக் காட்டினார். ஒரு கை அல்ல, மூன்று கை. துவைத்துக் காய்ந்திருந்த துண்டுகளை வாங்கி, பவுடரே போடாமல் மிஷினை ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் கண்ணாடியெல்லாம் நுரை! அத்தனையும் துண்டிலேயே தங்கியிருந்த பழைய பவுடர்.

உண்மை: நுரை என்பது சோப்புத் தண்ணீரில் அடைபட்ட காற்று, அவ்வளவுதான். அழுக்கை எடுப்பது தண்ணீரில் கரைந்த டிடர்ஜென்ட். அதன் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், மறுமுனையால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். முன்பக்கக் கதவு மிஷின் துணியைத் தூக்கித் தொப்பென்று போடுகிறது. துவைக்கிற கல்லில் நாம் அடிப்பதும் இதே வேலைதான். நடுவில் நுரை மெத்தை விரித்தால் அடி எங்கே விழும்? பம்ப் திணறும், ஸ்பின் நிற்கும், அலசல் போதாது. கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு விழும். டிரம்மைக் கழற்றினால் பின்னால் சாம்பல் நிறத்தில் களிம்பு அப்பியிருக்கும். டிரம்மைத் தாங்கும் அலுமினிய ஸ்பைடர் அரித்து முறிந்திருப்பதை எத்தனை வீட்டில் எடுத்துக் காட்டியிருக்கிறேன்! அந்தச் செலவுக்கு எத்தனை பாக்கெட் பவுடர் வாங்கலாம்?

"எங்க வீட்டுல உப்புத் தண்ணி, நிறையப் போட்டாத்தானே?" என்பீர்கள். இதில் பாதி உண்மை. கடினநீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் டிடர்ஜென்டில் ஒரு பங்கை விழுங்கிவிடும், நுரையையும் அமுக்கும். அதற்காகப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுக்குக் கொஞ்சம் கூட்டலாம். கண்ணை மூடிக்கொண்டு கொட்டலாம் என்று யார் சொன்னது? கைத்துவையல் பவுடரை முன்பக்கக் கதவு மிஷினில் போடவே போடாதீர்கள். அந்த மிஷினுக்கென்று விற்கும் பவுடரில் நுரையை அடக்கும் சரக்கு சேர்த்திருக்கிறார்கள். தெரியாமலா சேர்த்தார்கள்?

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: வெந்நீரில் எந்தக் கறையும் போகும்.
உண்மை: ரத்தம், பால், முட்டைக் கறை வெந்நீரில் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்.

நம்பிக்கை: டிரம்மை நிறைத்தால் கரண்ட் மிச்சம்.
உண்மை: துணி புரள இடமில்லாவிட்டால் மறுபடி துவைக்க வேண்டியதுதான். துணிக்கு மேலே ஒரு கை நுழைய வேண்டும்.

நம்பிக்கை: கண்டிஷனர் ஊற்றினால் துண்டு நன்றாக இருக்கும்.
உண்மை: தொட்டால் மெத்தென்று இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது.

நம்பிக்கை: டிரையரில் போட்டால் துணி காய்ந்துவிடும்.
உண்மை: செமி ஆட்டோமேட்டிக்கில் டிரையர் என்று நீங்கள் சொல்வது பிழியும் தொட்டி. அதில் சூடே கிடையாது. நிஜமாகவே சூடேற்றிக் காயவைக்கும் வாஷர் டிரையர் வாங்கியவர்கள் மிஷின்மேல் எழுதியிருக்கும் இரண்டு எண்களையும் படியுங்கள். 8 கிலோ துவைக்கும் மிஷின் 8 கிலோவையும் ஒரே நடையில் காயவைக்காது. பாதியை எடுத்து மொட்டைமாடிக் கொடியில் போடுங்கள், வெயிலுக்குப் பில் வராது.

கடைசியாக ஒன்று. மெக்கானிக்குக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்காதீர்கள். குடிநீரிலேயே கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்த 600-ஐத் தாண்டிய போர்வெல் தண்ணீரையும் சோதித்திருக்கிறேன். அதற்கு மருந்து பவுடர் டப்பாவில் இல்லை, உங்கள் மொட்டைமாடியில் விழுகிறது. மழைநீரைப் போல மென்மையான தண்ணீர் எங்கே கிடைக்கும்? 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாயும் போட்டோம், குழியும் வெட்டினோம். இன்று பல வீடுகளில் அந்தக் குழி குப்பையும் மண்ணுமாக மூடிக் கிடக்கிறது.

ஐப்பசி பிறப்பதற்குள் அந்தக் குழியைத் தூர்வாருங்கள். பவுடர் டப்பாவுக்குள் ஓர் அளவு ஸ்பூன் போட்டு வையுங்கள். கைப்பிடிக் கணக்கை இன்றோடு விட்டுவிடுங்கள்.