திறந்த குடாவில் படகை நங்கூரமிடுதல்

வயலையும் மாடுகளையும் விட்டு இடம்பெயர்ந்து, கடற்கரையோரம் வாழ நேர்ந்த குடும்பங்கள் சில, சிறு படகொன்றைக் கொண்டு சீவியம் நடத்தத் தொடங்கியிருக்கின்றன. வலை போடுவதையும் இயந்திரத்தை ஓட்டுவதையும் அனுபவசாலிகளோடு கூடப் போய்ப் பழகிக்கொள்ளலாம். படகை நிறுத்திவைக்கும் முறையை மட்டும் எவரும் தனியாக இருத்திச் சொல்லித் தருவதில்லை. வயல் இரவோடு இரவாக எங்கும் போய்விடாது, படகு போய்விடும். கடனுக்கு வாங்கிய படகு ஒரே இரவில் பாரில் மோதி உடைந்தால், கையில் மிஞ்சுவது கடன் மட்டுமே. ஆகவே இப்பாடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

1. காற்று எங்கிருந்து வருகிறது?

குடா என்றால் பாதுகாப்பான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பக்கம் கடலுக்குத் திறந்த குடா, சில மாதங்களில் குளம் போலக் கிடக்கும். வேறு சில மாதங்களில் அதே இடத்தில் நிற்கவே முடியாது.

கிழக்குக் கரையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று தரையைக் கடந்து கடலுக்குப் போகிறது. கரையோரத்தில் அலை எழும்பாது. கயிறு அறுந்தால் படகு வெளிக்கடலுக்கு இழுபடும். நவம்பர் கடைசி தொடக்கம் பெப்ரவரி வரை வாடைக்காற்று கடலிலிருந்து வருகிறது. அப்போது கயிறு அறுந்தாலும் நங்கூரம் இழுபட்டாலும் படகு நேரே கரையிலோ பாரிலோ மோதும். மேற்குக் கரையில் இது எதிர்மாறு.

திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடா நல்ல உதாரணம். மூதூர்ப் பக்கக் கரையோரம் கச்சான் காலத்தில் மறைவாக இருக்கும். வாடைக் காலத்தில் குடாவின் வாயால் அலை உள்ளே வரும்.

பெரிய கப்பலுக்கும் இதே விதிதான். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தின் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்ற ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் அகப்பட்டது. அருகில் நின்ற பல கப்பல்கள் அழிந்தன. ‘ஆன்’ தன் நடுப் பாய்மரத்தை வெட்டி எறிந்து தப்பியது. அதைத் திருத்துவதற்கு மறைவான இடம் தேடியே அது கொட்டியாரத்துக்கு வந்தது. அதில் வந்த றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறக்குறைய 20 ஆண்டு இந்நாட்டில் சிறையிருந்த கதை பலரும் அறிந்ததே.

இன்னுமொன்று: பகலில் கடற்காற்றும் இரவில் தரைக்காற்றும் வீசும் நாட்களில், மாலையில் ஒரு பக்கம் பார்த்து நின்ற படகு விடியற்காலையில் மறுபக்கம் திரும்பி நிற்கும். முளையில் கட்டிய மாடு கயிற்றளவுக்குச் சுற்றி மேய்வது போலப் படகும் சுற்றும். அந்த வட்டத்துக்குள் பாரோ, வேறு படகோ, ஆழம் குறைந்த இடமோ இருக்கக் கூடாது.

2. அடிநிலத்தை அறிதல்

நங்கூரத்துக்கும் மண் வாகு வேண்டும். இறுகிய மணலும் களி கலந்த சேறும் நன்றாகப் பிடிக்கும். மிக இளகிய சேற்றில் நங்கூரம் வழுக்கி வரும். கடற்புல் அடர்ந்த இடத்தில் நங்கூரம் மண்ணில் இறங்காமல் புல்லையே பற்றிக்கொண்டு நிற்கும். பலத்த காற்றில் புல்லோடு பிடுங்கிவரும். பாறையில் சிக்கினால் எடுக்க முடியாது. முருகைக் கல்லில் நங்கூரம் போடவே வேண்டாம். கல் உடைந்தால் மீன் வளரும் இடம் அழியும், கயிறும் அறுபடும்.

அடி தெரியாத இடத்தில், ஈயக்குண்டின் அடியில் சிறிய குழி செய்து, அதில் சவர்க்காரத்தை அப்பி இறக்குங்கள். மணலா சேறா என்பது அதில் ஒட்டிவரும். ஒன்றும் ஒட்டாமல், சவர்க்காரத்தில் தழும்பு மட்டும் விழுந்திருந்தால் அடியில் கல் என்று கொள்ளலாம். அதே கயிற்றால் ஆழத்தையும் அளந்துவிடலாம்.

3. நங்கூரமும் கலப்பையும்

நங்கூரம் தன் பாரத்தால் மட்டும் படகைப் பிடிப்பதில்லை. கலப்பையின் கொழு போல மண்ணுக்குள் இறங்கித்தான் பிடிக்கிறது. கிடையாக இழுத்தால் கொழு மண்ணுக்குள் இறங்கும்; மேல்நோக்கி இழுத்தால் வெளியே வந்துவிடும். நங்கூரமும் அப்படியே. கயிறு நீளமாகக் கிடந்தால் இழுவை கிடையாக இருக்கும். குட்டைக் கயிறு நங்கூரத்தைத் தூக்கிவிடும். இதனாற்றான் நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே இரண்டு மூன்று பாகம் இரும்புச் சங்கிலி பூட்டுவார்கள். சங்கிலியின் பாரம் இழுவையைத் தாழ்த்துகிறது. அடிக் கல்லில் உரசியும் அது அறாது.

நாலு கை நங்கூரம் கற்பாங்கான இடத்துக்கு உதவும். மணலுக்கும் சேற்றுக்கும் தட்டையான அலகுள்ள நங்கூரமே சிறந்தது. வெறுங்கல்லைக் கட்டி இரவில் படகை விட வேண்டாம்.

கயிற்றில் நைலோன் நல்லது. அது இழுபட்டுக் கொடுத்து அலையின் அடியைத் தாங்கும், தண்ணீரில் தாழும். மிதக்கும் பிளாஸ்ரிக் கயிறு மற்றப் படகுகளின் விசிறியில் சிக்கும்.

4. கயிறு எவ்வளவு விட வேண்டும்?

தண்ணீரின் ஆழம், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம், வற்றுப்பெருக்கால் நீர் ஏறக்கூடிய அளவு ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். நம் கரைகளில் நீர் ஏறுவது ஏறக்குறைய இரண்டு அடிக்குள் அடங்கும். அக்கூட்டுத் தொகையைச் சாதாரண நாளில் 7ஆல் பெருக்குங்கள். காற்றுப் பலக்கும் நாளில் 10ஆல் பெருக்குங்கள்.

உதாரணம்: ஆழம் 2 பாகம், அதாவது 12 அடி. அணியம் 2 அடி. பெருக்கு 2 அடி. மொத்தம் 16 அடி. சாதாரண நாளில் 16 × 7 = 112 அடி, ஏறக்குறைய 19 பாகம். காற்று நாளில் 160 அடி, ஏறக்குறைய 27 பாகம். கயிற்றில் ஐந்து பாகத்துக்கு ஒரு நிறத்துணி கட்டிவைத்தால் இருட்டிலும் எண்ணலாம்.

5. இறக்கும் முறை

அ. கயிற்றின் மறுமுனையை முதலில் அணியத்தில் கட்டுங்கள். கயிற்றுச் சுருளுக்குள் கால் வைக்க வேண்டாம்.

ஆ. அலை உடையும் இடத்துக்கு நன்கு வெளியே நில்லுங்கள். மூன்று அடி அலை ஏறக்குறைய நான்கு அடித் தண்ணீரில் உடையும். இன்று அமைதியாக உள்ள இடத்தில் நாளை பெரிய அலை உடையலாம்.

இ. காற்றுக்கு முகங்கொடுத்து மெல்லச் சென்று, படகு நின்று பின்வாங்கத் தொடங்கும்போது நங்கூரத்தை இறக்குங்கள். வீசி எறிந்தால் சங்கிலி நங்கூரத்தையே சுற்றிக்கொள்ளும்.

ஈ. படகு பின்னே போகப் போகக் கயிற்றை விடுங்கள். முழுவதும் விட்டபின் கட்டி, இயந்திரத்தைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, நங்கூரத்தை மண்ணில் இறுக்குங்கள்.

உ. எப்போதும் அணியத்திலேயே கட்டுங்கள். பின்பக்கத்தில் கட்டினால், இயந்திரத்தின் பாரத்தால் தாழ்ந்துள்ள அப்பக்கத்தால் அலை ஏறிப் படகு அமிழும்.

ஊ. கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய றப்பர்க் குழாயையோ சாக்கையோ சுற்றுங்கள். இரவில் எல்லாப் பக்கமும் தெரியும்படி ஒரு வெள்ளை விளக்கு வையுங்கள்.

6. பிடித்திருக்கிறதா?

கரையில் முன்னும் பின்னுமாக ஒரே நேரில் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். ஒரு பனையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும் போல. இப்படி இரண்டு பக்கங்களில் எடுத்துக்கொள்வது நல்லது. படகு சற்று ஆடும்போது அவை விலகித் திரும்பவும் சேரும். விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. கயிற்றில் கைவைத்துப் பாருங்கள். தடதடவென்று அதிர்ந்தாலும் இழுபடுகிறது என்று அறிக. முதலில் கயிற்றைக் கூட்டி விடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் நங்கூரத்தை எடுத்து மறுபடியும் போடுங்கள்.

7. எப்போது விட்டுப் போக வேண்டும்?

எந்த நங்கூரமும் எல்லாக் காற்றையும் தாங்காது. 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நவம்பர், டிசெம்பர் மாதங்களில் வானிலை அறிவித்தலைத் தவறாமல் கேளுங்கள். காற்றுக் கடற்பக்கம் திரும்பினாலோ, காற்றில்லாமலே நீண்ட அலை வரத் தொடங்கினாலோ, வெளிச்சம் இருக்கும்போதே படகைக் களப்புக்குள் கொண்டுபோங்கள். அல்லது பலர் கூடிக் கரையில் உயர ஏற்றுங்கள். அவசரத்தில் நங்கூரம் எடுபடாவிட்டால், கயிற்று முனையில் மிதவை ஒன்றைக் கட்டி விட்டுவிட்டு வாருங்கள். பிறகு தேடி எடுக்கலாம். இழுபட்டுப் போகும் படகைப் பிடிக்க இருட்டில் ஒருவரும் நீந்தக் கூடாது. படகை இன்னொரு முறை கடன்பட்டாவது வாங்கலாம்.

குழுவாகக் கூடிப் பேசுவதற்கு

1. எமது கரை எந்தக் காற்றுக்கு மறைவு? எந்த மாதங்களில் திறப்பு?
2. ஆழம் 3 பாகம், அணியம் 2 அடி, பெருக்கு 2 அடி. காற்று நாளில் எத்தனை பாகம் கயிறு வேண்டும்? எமது படகில் அவ்வளவு உண்டா?
3. காற்றுத் திரும்பும் இரவில் படகுகளைக் கரையேற்ற யார் யாரை எழுப்புவது? இதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.