வீட்டுப் பூனையும் மூத்திர வாடையும்: கர்ப்பிணி உள்ள வீட்டார் கவனத்திற்கு



ஜலகண்டாபுரம், நங்கவள்ளி, தாரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் தறி வைத்திருப்போருக்குப் பூனை விளையாட்டுப் பொருள் அல்ல. பாவு நூலை எலி கடித்தால் ஒரு நாள் பாடு வீணாகிறது. கடலை மூட்டையில் எலி புகுந்தால் விதைக்கு இருக்காது. ஆகவே பூனையும் வீட்டில் ஒரு வேலைக்காரன்தான். ஆனால் அந்த வேலைக்காரனே தறிக்குழியில் மூத்திரம் பெய்து, நூல் சிட்டத்தின் மேலும் பீய்ச்சிவிட்டுப் போகும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது.

மருமகள் முழுகாமல் இருந்தால் சண்டை இன்னும் பெரிதாகிறது. "ஏங்கண்ணு, வயித்துப் புள்ளைக்குப் பூனை ஆகாதுங்கறாங்க. சாக்குல போட்டு ஏரிக்கரையில விட்டுட்டு வா" என்பார் மாமியார். "நூலை எலி தின்னா நீயா தருவே, அம்மா?" என்பார் மகன். இடையில் மசக்கைக்காரி அந்த வாடையில் குமட்டிக்கொண்டு கிடப்பாள். இருவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதியை இங்கே பார்ப்போம்.

முதலில் நாற்றம். பூனையின் மூதாதை வறண்ட பாலை நிலத்துப் பிராணி. கொஞ்சம் தண்ணீர் குடித்து, மூத்திரத்தைக் கெட்டியாக விடுவது அதன் உடற்கூறு. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது அம்மோனியா என்ற காரவாயு கிளம்புகிறது. கண் எரிவது அதனால்தான். பூனை மூத்திரத்தில் கந்தகம் கலந்த ஒரு சத்தும் உண்டு. கடுவன் பூனையிடம் அது மிக அதிகம். இதோடு யூரிக் அமில உப்பு தரையில் படிந்துவிடும். அது வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. காய்ந்தபோது வாடை இல்லாததுபோல் இருந்து, ஐப்பசி மழை ஈரம் பட்டதும் மறுபடி கிளம்புவது இதனால்தான். "நேத்துத்தான் கழுவினேன், இன்னிக்கும் நாறுது" என்று பெண்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

கழுவும் முறை இது. ஈரம் இருக்கும்போதே பழந்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு மறுபடி ஒற்றுங்கள். சிமெண்டுத் தரையானால் ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் துடையுங்கள். காய்ந்தபின் சமையல் சோடாவைத் தூவி, ஓர் இரவு வைத்துப் பெருக்குங்கள். மண் தரையானால் நனைந்த மண்ணை நாலு விரற்கடை ஆழம் வெட்டி எடுத்துவிட்டுப் புது மண் போட்டு மெழுகுவதே சரி. துணிக்கு என்சைம் கலந்த சலவைத்தூள் கடையில் கிடைக்கிறது. அதைக் கரைத்து ஊறவைத்து, அலசி வெயிலில் போடுங்கள். வாடை போகும் முன்னே வெந்நீர் விட்டு அலசவோ இஸ்திரி போடவோ வேண்டாம். பட்டு நூலுக்கு மட்டும் சோடாவோ சலவைத்தூளோ கூடாது. காரம் பட்டையே அரித்துவிடும். பச்சைத் தண்ணீரில் சில சொட்டு வினிகர் விட்டு, ஓரத்தில் ஒரு இழைக்கு முதலில் போட்டுச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டவே கூடாது. அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் நெஞ்சை அடைக்கும் விஷவாயு உண்டாகும். மூடிய தறி அறையில் கேட்கவே வேண்டாம். கருப்பு பினாயிலும் அப்படித்தான். நமக்குச் சுத்தம், பூனைக்கு நஞ்சு. அதன் ஈரல் அந்தச் சரக்கை முறிக்க இயலாதது. பினாயிலில் நடந்து, பாதத்தை நக்கியே பூனை செத்துப்போகலாம். அந்துருண்டை போட்டு விரட்டுவோரும் உண்டு. அது பூனைக்கும் விஷம், தவழும் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டால் அதற்கும் விஷம்.

சரி, பூனை ஏன் தறிக்குழிக்கே போகிறது? பொலபொலவென்ற மண், இருட்டு, மறைவு. அதன் கணக்கில் அதுதான் கக்கூஸ். அதற்கென்று ஒரு இடம் நாம் கொடுக்காவிட்டால் அதுவே தேடிக்கொள்ளும். பழைய பிளாஸ்டிக் தொட்டியோ, பக்கத்தை வெட்டிய எண்ணெய் டின்னோ போதும். பூனையின் நீளத்தைப்போல் ஒன்றரைப் பங்கு இருக்கட்டும். வெட்டிய விளிம்பை மடக்கித் தட்டிவிடுங்கள். மூன்று விரற்கடை உயரம் மணலோ, மரத்தூளோ, தேங்காய் நார்க்கழிவோ போடுங்கள். நார்க்கழிவு ஈரத்தை நன்றாக உறிஞ்சும். வெறும் சாம்பல் வேண்டாம். நனைந்தால் காரம், வீடெங்கும் கால்தடம் வேறு. அமெரிக்காவிலும் முன்பு பலர் சாம்பல்தான் போட்டார்கள். 1947-இல் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்டு லோ என்பவர், பக்கத்து வீட்டு அம்மா பூனைக்கு மணல் கேட்க, தொழிற்சாலையில் எண்ணெய் உறிஞ்ச விற்கும் களிமண் குருணையைக் கொடுத்தார். பின்பு அதுவே பெரிய வியாபாரமானது. நமக்கு அந்தக் குருணை அவசியமில்லை.

தொட்டியைச் சோறு வைக்கும் இடத்திலும் விசைத்தறி ஓடும் இடத்திலும் வைக்காதீர்கள். ஒரு தரம் சத்தத்தில் மிரண்டால் பிறகு அந்தப் பக்கமே வராது. இரண்டு பூனை இருந்தால் மூன்று தொட்டி நல்லது. வேலை முடிந்ததும் தறிக்குழியைப் பலகையால் மூடுங்கள். இது நாற்றத்துக்காக மட்டுமல்ல. பூனை மலத்திலுள்ள கொக்கிப்புழுவின் குஞ்சுகள், குழியில் வெறுங்காலோடு மிதி மிதிக்கிறவர் தோலில் புகுந்து, கோடுகோடாக ஊர்ந்து அரிப்பைக் கொடுக்கும்.

இனி கர்ப்பிணி விஷயம். 'டாக்ஸோபிளாஸ்மா' என்ற கிருமியை 1908-இல் கண்டுபிடித்தார்கள். அது பூனையின் குடலில் முட்டையாகி மலத்தில் வெளிவருகிறது என்பது 1970 வாக்கில்தான் உறுதியானது. கர்ப்ப காலத்தில் ஒரு தாய்க்கு முதன்முறையாக இது தொற்றினால் கருச்சிதைவு ஏற்படலாம். குழந்தைக்கு மூளையில் நீர் கோர்க்கலாம், கண் பார்வை கெடலாம். முன்பே தொற்றி எதிர்ப்புச் சக்தி வந்த தாய்க்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை.

கவனியுங்கள்: இது மூத்திரத்தில் வராது, பூனை முடியில் வராது, பூனை மடியில் படுத்ததால் வராது. மலத்தில்தான். அதுவும் மலம் விழுந்தவுடன் தொற்றாது. முட்டை முற்ற 1 முதல் 5 நாள் ஆகும். தினம் அள்ளிவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது. அள்ளியதைக் கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் தூரமாக ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். பிளீச்சிங் பவுடருக்கு இந்த முட்டை சாகாது. மண்ணை மாற்றும்போது காலித் தொட்டியில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் சாகும்.

பூனையை ஏரிக்கரையில் விட்டால் தீர்ந்துவிடுமா? தீராது. ஈரமண்ணில் இந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வேகாத கறியிலும் கழுவாத கீரையிலும் இதே கிருமி வரும். ஆகவே கறி நன்றாக வேகட்டும், கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள், மண்வேலை செய்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள். தொட்டியைக் கர்ப்பிணி தொடக்கூடாது. அப்படியானால் யார் அள்ளுவது? கணவன்மார்களே, நீங்கள்தான். "ஆம்பிளை பூனைப் பீ அள்ளுறதா?" என்று கேட்பவர் உண்டு. பிறக்கப்போவது உங்கள் பிள்ளைதானே, அள்ளத்தான் வேண்டும். சந்தேகமிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையும் மருந்தும் உண்டு.

சுவரில் வாலைத் தூக்கி நின்றபடி பீய்ச்சுவது வேறு சங்கதி. அது தொட்டிக் குறையல்ல. பெரும்பாலும் கடுவன் தன் எல்லையைக் குறிப்பது. காயடித்தால் பத்தில் ஒன்பது கடுவன்கள் இதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். பெட்டைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. அது ஆறு மாதத்துக்குள்ளேயே சினையாகி, சுமார் 64 நாளில் நாலைந்து குட்டி போடும். சிவப்பு முக்கோணம் மனிதருக்கு மட்டும்தானா என்று சிரிக்க வேண்டாம். குட்டிகள் பெருகிய வீட்டில் எத்தனை தொட்டி வைத்தாலும் போதாது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அங்கே இயலாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பூனை கடித்தாலோ பிராண்டினாலோ உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் வரும். தடுப்பூசி இலவசம், கர்ப்பிணிக்கும் போடலாம். முதல் நாளோடு 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போட வேண்டும். புண் ஆறிவிட்டது என்று கடைசி ஊசிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. கடுவன் பூனை தொட்டிக்கும் வெளிக்குமாக அலைந்து, முக்கி முக்கிச் சொட்டு மூத்திரம்கூட வராமல் கத்தினால் அது சேட்டை அல்ல. மூத்திரத் தாரை அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் செத்துவிடும். அடிக்காமல், கூடையில் வைத்து அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.