மணலைத் துருவும் நட்சத்திர மீனுக்கு உணவூட்டல்

கடல்வாழ் உயிர்களுள் சிறுவர் உள்ளத்தை எளிதிற் கவர்வனவற்றுள் நட்சத்திர மீனும் ஒன்று. பெயரில் மீன் என்றிருப்பினும் இது மீனினத்தைச் சார்ந்ததன்று. இதற்கு முதுகெலும்பும் இல்லை, துடுப்பும் இல்லை. கடல் முள்ளெலியையும், நம் நாட்டில் ‘காமாட்’ என்னும் பெயரால் எண்ணெயெடுக்கப்படும் கடல் அட்டையையும் இதனையும் ஒருங்கே சேர்த்து முட்தோலிகள் என வழங்குவர். மூளை என ஓர் உறுப்பும் இதற்கில்லை. உடலினுள் ஓடும் நீரின் அழுத்தத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கான குழாய்க்கால்களை நீட்டியும் சுருக்கியும் நகர்கின்றது.

நட்சத்திர மீன்கள் பல வகைப்படும். அவற்றுள் மணலைத் துருவி வாழும் ஒரு வகையைப் பற்றியே நாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அறிவியலார் இதற்கு இட்ட பெயர் ‘அஸ்ட்ரோபெக்டன்’ என்பதாம். இதன் கைகளின் இரு விளிம்புகளிலும் சீப்பின் பற்களைப் போன்ற முட்கள் வரிசையாக அமைந்திருக்கும். பாறையைப் பற்றி ஏறும் நட்சத்திர மீன்களின் கால் நுனியில் உறிஞ்சு வட்டுகள் உண்டு. இதற்கோ அவை இல்லை; கால்கள் கூர்மையாக முடிகின்றன. மணலைத் தோண்டுதற்கு அதுவே ஏற்ற அமைப்பாகும். பகலில் மணலுள் புதைந்து கிடந்து, பொழுது சாய்ந்தபின் இரை தேடப் புறப்படும்.

இன்று பட்டணத்து மீன் கடைகளில் உப்புநீர்த் தொட்டிகளும் விற்கப்படுகின்றன. பெற்றோர் சிலர் பிள்ளைகளின் விருப்பத்திற்கிணங்கிச் சிறு தொட்டியொன்றை வாங்கி வீட்டில் வைக்கின்றனர். அவ்வாறு வாங்குவோரிடம், “இதனையும் வாங்கி விடுங்கள், மணலிலுள்ள அழுக்கை உண்டு தொட்டியைத் தூய்மையாக வைத்திருக்கும், தனியே உணவிட வேண்டுவதில்லை” என்று கூறி மணல் நட்சத்திர மீனையும் சேர்த்து விற்பதுண்டு. இக்கூற்றில் பாதி உண்மையும் இல்லை.

இவ்வுயிர் அழுக்குண்ணி அன்று, வேட்டையாடி உண்பது. மணலுள் வாழும் சிறு நத்தை, சிறு மட்டி, புழு, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் இறாலின உயிர்கள் ஆகியனவே இதன் இரை. வேறு சில நட்சத்திர மீன்கள் தம் இரைப்பையை வாய்வழி வெளியே நீட்டி இரையைச் செரிப்பிக்கும். இதுவோ இரையை முழுமையாக விழுங்கும். சதை செரித்தபின் வெறும் ஓட்டை வாய்வழியே உமிழ்ந்துவிடும். மணலைக் கிளறித் தூய்மை செய்பவை உண்மையில் அந்தச் சிறு புழுக்களும் நத்தைகளுமே. அவற்றைத்தான் இது தின்று தீர்க்கின்றது. ஆகவே, சில வாரங்களில் மணல் வெண்மையாகத் தோன்றுமாயின் அது தூய்மையின் அடையாளம் என்று மகிழ்தல் தகாது. அம்மணலில் உண்ணத் தக்கது யாதும் எஞ்சவில்லை என்பதற்கும் அதுவே அடையாளமாகலாம்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 55 லிட்டர் நீர் கொள்ளும். அதன் தரை 2 சதுர அடியே. கைவிரிவு அரையடி உள்ள ஒரு நட்சத்திர மீன் அத்தரை முழுவதையும் எத்தனை இரவுகளில் துருவி முடிக்கும்? கடலிலோ ஓரிடத்தில் இரை குறைந்தால் அது வேறிடம் செல்லும். 400 லிட்டருக்குக் குறையாத தொட்டியும், ஓராண்டேனும் பழகிய ஆழ்ந்த மணலும் இல்லாதார் இதனை வாங்காதிருத்தலே நன்று என்பது நம் கருத்து. ஆளொருவனை வேலைக்கு அமர்த்தி, “உனக்கான சோற்றை நீயே தேடிக்கொள்” என்று கூறித் தேடுவதற்கு நிலமும் கொடாமல் அடைத்து வைப்பது எத்தகையது என்பதைத் தோட்டத்து மக்களாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இதன் பட்டினி உடனே வெளியில் தெரிவதன்று. ஒவ்வொரு கையினுள்ளும் இரண்டு செரிமானச் சுரப்பிகள் உண்டு. உண்ட உணவின் சத்து அவற்றிலே சேமித்து வைக்கப்படுகின்றது. உணவு கிட்டாதபோது அச்சேமிப்பைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, மாதக்கணக்கில் உயிர் தாங்கும். கைகள் மெலியும், நுனிகள் தேயும், பகலிலும் புதையாமல் மணலின் மேலே தளர்ந்து கிடக்கும். பின்னர் ஒருநாள் இறந்துபடும். “நன்றாகத்தானே இருந்தது, திடீரென மாண்டுவிட்டதே” என்று வீட்டார் வருந்துவர். அது திடீர் மரணமன்று.

வாங்கியாயிற்று, வேறு வழியில்லை என்போர் நாமே உணவூட்டல் வேண்டும். உணவு தேடி அலைய வேண்டுவதில்லை. சந்தையில் கிடைக்கும் இறால், கணவாய், ‘கெராங்’ எனப்படும் மட்டி ஆகியவற்றின் சதை போதும். உப்போ மஞ்சளோ சேராத பச்சைச் சதையாக இருத்தல் இன்றியமையாதது. நீரில் அலசி, பட்டாணியளவு துண்டுகளாக்கி உறைபெட்டியில் வைத்துக்கொண்டால் பல நாட்களுக்கு வரும். வாரம் இரண்டு அல்லது மூன்று முறை ஓரிரு துண்டுகள் அளித்தல் தகும்.

ஊட்டும் நேரம் மாலை. விளக்கை அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால் நட்சத்திர மீன் தானே மணலினின்று எழும். நீண்ட இடுக்கியால் துண்டை எடுத்து, அது செல்லும் வழியில் மணலுள் சிறிது அமிழ்த்தி வைக்க வேண்டும். அல்லது ஒரு கையின் ஓரத்தை மெல்ல உயர்த்தி, உடலின் நடுவே அடிப்புறத்தில் உள்ள வாயருகே வைக்கலாம். நீரின் மேலே தூவிவிட்டால் மற்ற மீன்களும் துறவி நண்டுகளும் அதனைப் பறித்துக்கொண்டுவிடும். திருடர் மிகுந்த தொட்டியாயின் பிளாஸ்டிக் புட்டியின் அடிப்பாகத்தை வெட்டி, துளைகள் இட்டு, நட்சத்திர மீனையும் உணவையும் சேர்த்துக் கவிழ்த்து ஓரிரு மணிநேரம் மூடி வைக்கலாம். மறுநாட் காலையில் உண்ணாது எஞ்சிய துண்டை எடுத்துவிடுக. சிறு தொட்டியில் அழுகும் சதை நீரை விரைவில் நஞ்சாக்கிவிடும். இதனால்தான் மிகுதியாக இடுவதும் கேடாகின்றது.

உணவு போலவே நீரும் கவனத்திற்குரியது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. முட்தோலிகள் இவ்வளவில் திடீரென நேரும் மாற்றத்தைத் தாங்கமாட்டா. தகரக் கூரையின் கீழுள்ள நம் வீடுகளில் நண்பகல் வெப்பத்தால் நீர் ஆவியாகும்; உப்போ தொட்டியிலேயே தங்கும். எனவே குறைந்த அளவிற்கு நல்ல நீரையே நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், உப்புநீரை அன்று. மீன் நோய்க்கு இடப்படும் செம்பு கலந்த மருந்து இதனைக் கொன்றுவிடும்.

மற்றொன்று. இவ்வினங்களுள் சிலவற்றின் உடலில், ‘புந்தால்’ எனப்படும் பேத்தை மீனின் கொடிய நஞ்சே இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. எனவே இறந்ததைப் பூனைக்கோ கோழிக்கோ போடலாகாது. தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பராமரிக்க இயலாதோர், பெரிய தொட்டியுடைய ஒருவரிடமோ வாங்கிய கடையிலோ ஒப்படைப்பது முறை. போர்ட்டிக்சன் கடற்கரையில் விட்டுவிடலாம் என்று எண்ணற்க. கடையில் வாங்கியது எந்தக் கடலில் பிடிபட்டது என்பதை நாம் அறியோம். நோயையும் உடன் கொண்டு செல்லக்கூடும். அவ்வாறே தியோமான், ரெடாங் போன்ற கடற்பூங்காத் தீவுகளுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் அங்குள்ளவற்றை எடுத்து வருதலும் கூடாது. 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் அதனைத் தடை செய்கின்றது.

வீட்டில் இதனை வளர்க்கும் மாணவர்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வார்களாக. உணவிட்ட நாள், இட்ட பொருள், உண்டதா இல்லையா, கைநுனிகளின் நிலை ஆகியவற்றை வாரந்தோறும் எழுதி வரலாம். தேய்வு முற்றிவிட்டால் மீட்பது அரிது. தொடக்கத்திலேயே கண்டு உணவு தடையின்றிக் கிடைக்கச் செய்தால், குறைந்த கைநுனி சில மாதங்களில் மீண்டும் வளரக் காணலாம்.