ஃப்ளைட் டெஸ்ட்ல ஒரு தடவை ஃபெயில்: 40 லட்சம் லோன் என்ன ஆகும்?



போன மாசம் குரோம்பேட்டையில இருக்கிற என் ஆபீசுக்கு ஒரு நண்பர் வந்தார். வயசு 29, தாம்பரம் சானடோரியம் மெப்ஸ்ல வேலை. வருமான வரி விஷயமாதான் வந்தார். கிளம்புற நேரத்துல மெதுவா ஒரு கேள்வி கேட்டார்.

"சார், தம்பி அமெரிக்காவுல பைலட் டிரெயினிங் முடிச்சிட்டு வந்திருக்கான். 40 லட்சம் எஜுகேஷன் லோன். அப்பா ரிட்டயர்ட், அதனால நான்தான் கோ-அப்ளிகன்ட். அங்க ஒரு ஃப்ளைட் டெஸ்ட்ல முதல் தடவை ஃபெயில், ரெண்டாவது தடவை பாஸ். இப்போ ஏர்லைன் ஃபார்ம்ல 'எப்போதாவது தேர்வில் தோல்வி உண்டா'ன்னு கேட்கிறாங்க. 'இல்லை'ன்னு போட்டுடலாமான்னு கேட்கிறான்."

பைலட் சம்பந்தமான கேள்வி மாதிரி தெரிஞ்சாலும், இது அந்தக் குடும்பத்தோட 15 வருஷ பணக் கணக்கு. அதனால கொஞ்சம் விரிவா பார்க்கலாம்.

ஃபெயில் ஆனா எங்கே பதிவாகும்?

ஃப்ளைட் டெஸ்ட்ல எக்ஸாமினர் பக்கத்துல உட்கார்ந்து ஓட்டச் சொல்லுவார். ஒரு பகுதி சரியில்லைன்னா, அமெரிக்காவுல எழுத்துப்பூர்வமா ஒரு நோட்டீஸ் கொடுப்பாங்க. பயிற்சியாளர் திரும்பச் சொல்லிக்கொடுத்து கையெழுத்து போட்ட பிறகுதான் மறுதேர்வு. லைசென்ஸ் கையில வந்த பிறகும் அந்த நோட்டீஸ் அங்கிருக்கிற எஃப்ஏஏ ரெக்கார்டுல இருக்கும். அந்த லைசென்ஸை இந்திய லைசென்ஸா மாத்தும்போது, நம்ம டிஜிசிஏ அதைக் கொடுத்த நாட்டுகிட்டயே சரிபார்க்கும். அதாவது, "யாருக்கும் தெரியாது"ங்கிறதை நம்பி முடிவு எடுக்க முடியாது.

மறைச்சா என்ன ஆகும்?

2009 பிப்ரவரி 12. அமெரிக்காவுல பஃபலோ நகரம் பக்கத்துல கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தாங்க. கேப்டன் முன்னாடி பல ஃப்ளைட் டெஸ்ட்ல ஃபெயில் ஆனவர், ஆனா வேலைக்கு விண்ணப்பிச்சப்போ எல்லாத்தையும் சொல்லலைன்னு விசாரணையில தெரிஞ்சது. அதுக்குப் பிறகு 2010-ல வந்த சட்டம், பைலட்களோட பழைய ரெக்கார்டுகளை ஒரே இடத்துல சேர்த்து, வேலைக்கு எடுக்கும் முன் ஏர்லைன்கள் பார்க்கணும்னு சொன்னது.

2019 பிப்ரவரியில டெக்சாஸ்ல அட்லஸ் ஏர் சரக்கு விமானம் விழுந்து 3 பேர் இறந்தாங்க. துணை விமானி தன்னோட பழைய பயிற்சித் தோல்விகளை வேணும்னே மறைச்சதா விசாரணை அறிக்கை சொன்னது.

நம்ம ஊர்ல 2011-ல வேற மாதிரி. கோவாவுல ஒரு விமானம் முன்சக்கரம் முதல்ல தரையில படுற மாதிரி இறங்கினதை விசாரிக்கப் போய், அந்த பைலட்டோட மார்க்‌ஷீட் போலின்னு தெரிஞ்சது. டிஜிசிஏ மத்தவங்க ஆவணங்களையும் தோண்ட, இன்னும் சிலர் கைதானாங்க.

ஒரு தடவை தடுமாறி, திரும்பக் கத்துக்கிட்டு பாஸ் பண்ணவர் வேற. தடுமாறினதையே மறைக்கிறவர் வேற. பின்னால நூறு, இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற வேலையில, ரெண்டாவது ஆளைத்தான் எந்த ஏர்லைனும் பார்த்து பயப்படும்.

இன்டர்வியூ எடுக்கிறவங்க என்ன பார்ப்பாங்க?

ஒரு தோல்வியாலேயே கதவு மூடிடாது. எத்தனை தடவை, எவ்வளவு சமீபத்துல, ஒரே தப்பு திரும்பத் திரும்ப வருதா, இதைத்தான் பார்ப்பாங்க. அதனால பதில் நாலு வரியில இருக்கணும்:

1. எந்த டெஸ்ட், எந்தப் பகுதி.
2. என்ன தப்பு பண்ணேன். எக்ஸாமினரையோ காத்தையோ குறை சொல்லக் கூடாது.
3. அதை சரி பண்ண என்ன பயிற்சி எடுத்தேன்.
4. மறுதேர்வு எப்போ பாஸ், அதுக்குப் பிறகு எந்த டெஸ்ட்லயும் பிரச்சனை இல்லை.

இதுல எனக்கு சொந்த அனுபவமும் உண்டு. சிஏ ஃபைனல்ல ஒரு குரூப் எனக்கு ரெண்டாவது அட்டெம்ட்லதான் கிளியர் ஆச்சு. ஒவ்வொரு இன்டர்வியூலயும் "எத்தனை அட்டெம்ட்?"னு கேட்டாங்க. ரெண்டு இடத்துல அதுக்காகவே எடுக்கலை. மூணாவது இடத்துல எடுத்தாங்க.

இப்போ பணக் கணக்கு

40 லட்சம், 11% வட்டி, 15 வருஷம்னு வெச்சுப்போம். இஎம்ஐ சுமார் 45,500 ரூபாய். உண்மையைச் சொல்லி ஒரு கம்பெனி வேண்டாம்னு சொன்னா, வேலை கிடைக்க ஆறு மாசம் தள்ளிப் போகலாம். அதாவது சுமார் 2.7 லட்சம் இஎம்ஐ-யை வேற வருமானத்துல கட்டணும். வலிக்கும், ஆனா சமாளிக்கலாம். பொய் சொல்லி உள்ளே போய் ரெண்டு வருஷம் கழிச்சு மாட்டினா? வேலை போகும், அடுத்த ஏர்லைனும் காரணம் கேட்கும், 13 வருஷ இஎம்ஐ அப்படியே நிக்கும். டிரெயினிங் பாண்ட் இருந்தா அந்தத் தொகையும் சேரும்.

இன்னும் கோர்ஸ் சேராதவங்களுக்கு: ஒரு ஃபெயிலுக்கும் பட்ஜெட் போடுங்க. உதாரணத்துக்கு நாலு மாசம் தள்ளிப் போச்சுன்னு வைங்க. 40 லட்சத்துக்கு அந்த நாலு மாச வட்டி சுமார் 1.47 லட்சம். கூடுதலா 8 மணிநேரம் பறக்க, மணிக்கு 15,000-ன்னா 1.2 லட்சம். தங்க, சாப்பிட மாசம் 15,000-ன்னா 60,000. மொத்தம் சுமார் 3.27 லட்சம். கோர்ஸ் செலவுல 10% தனியா வெச்சிருந்தா, ஒரு ஃபெயில் குடும்பத்தைக் கலங்க வைக்காது.

அண்ணன்களுக்கு ரெண்டு எச்சரிக்கை

ஒண்ணு, வரிச்சலுகை. எஜுகேஷன் லோன் வட்டியைக் கழிக்கலாம்னு சொல்லுவாங்க. ஆனா அது தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, இல்லைன்னா தான் சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு எடுத்த லோனுக்குத்தான். தம்பி தங்கச்சிங்கிற உறவுக்காக மட்டும் அது கிடைக்காது. அதுவும் பழைய வரி முறையில இருந்தாதான். நம்ம நண்பர் இதை நம்பித்தான் கணக்கு போட்டிருந்தார், பாவம்.

ரெண்டு, கோ-அப்ளிகன்ட்னா சும்மா கையெழுத்து இல்லை. தம்பி கட்டலைன்னா பாங்க் உங்களைத்தான் கேட்கும். உங்க சிபில் ஸ்கோரும் விழும், நாளைக்கு உங்க வீட்டு லோனுக்கு அது இடிக்கும். இஎம்ஐ ஆரம்பிக்கிற தேதியை சாங்ஷன் லெட்டர்ல இன்னைக்கே பாருங்க. ஆறு மாச இஎம்ஐ-யை ஆர்டி-யிலோ லிக்விட் ஃபண்ட்லயோ சேர்த்து வைங்க.

நாம பைலட் இல்லையே?

ரெஸ்யூம்ல மூணு மாச வேலையை மறைக்கிறவங்களுக்கும் இதே பாடம்தான். பிஎஃப் பிடிச்சிருந்தா யுஏஎன்-ல பழைய கம்பெனி பேர் தெரியும். டிடிஎஸ் பிடிச்சிருந்தா வருமான வரி ரெக்கார்டுல தெரியும். வெரிஃபிகேஷன்ல மாட்டி ஆஃபர் லெட்டரை இழக்கிறதை விட, "மூணு மாசம் இருந்தேன், சரிப்பட்டு வரலை"ன்னு ஒரு வரி சொல்றது எவ்வளவோ மேல்.

நம்ம நண்பரோட தம்பி ஃபார்ம்ல 'ஆம்'னு போட்டு, மேல சொன்ன நாலு வரியையும் எழுதி அனுப்பிட்டார். இன்டர்வியூ கால் இன்னும் வரலை. அண்ணன் போன வாரம் ஆர்டி ஆரம்பிச்சிட்டார். "தாம்பரத்துல ஏர்ஃபோர்ஸ் பிளேன் பறக்கிறதைப் பார்த்து வளர்ந்த பையன் சார், எப்படியும் பறந்துடுவான்"னு சொன்னார். நானும் அப்படித்தான் நம்புறேன்.

உங்க வீட்டுல யாராவது பெரிய லோன் எடுத்துப் படிக்கப் போறாங்கன்னா, அந்த 10% கணக்கை அவங்ககூட உட்கார்ந்து இந்த ஞாயித்துக்கிழமையே போட்டுப் பாருங்க.