பழைய மோட்டாரும் புதிய எஞ்சினும்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் திருத்தேரைக் காணாதார் நம் பக்கத்தில் அரியர். அதன் மரச்சக்கரங்களை நீக்கி இரும்புச் சக்கரங்கள் பூட்டியபின், ஆடிப்பூரத்தன்று தேர் எளிதில் உருளுகின்றது. எளிதில் உருள்வதை எளிதில் நிறுத்தவும் வேண்டுமன்றோ? ஆதலின் பிரேக்கும் உடனமைந்தது. ஓருறுப்பை மாற்றின், அதனைச் சார்ந்த பிறவற்றையும் நோக்கல் வேண்டும். இவ்வுண்மையைப் பழைய மோட்டார் வண்டியில் வைத்து ஆராய்வோம்.

யாவரும் அறிந்த அம்பாஸடர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவிய இதனை, வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 2014 வரை செய்து வந்தனர். புறத்தோற்றம் பெரிதும் மாறாதிருக்க, எஞ்சின் மட்டும் பன்முறை மாறிற்று. தொடக்கத்தில் வால்வுகள் பக்கத்திலமைந்த 1,476 கன சென்டிமீட்டர் எஞ்சின். அதன்பின் வால்வுகள் மேலமைந்த 1,489. 1990களில் ஜப்பானிய இசுசுவின் 1,817. முன்னவற்றிற்கு நான்கு கியர், இசுசுவிற்கு ஐந்து. கூடு ஒன்றேபோலிருத்தலின், பழைய வண்டியில் இசுசுவை ஏற்ற விரும்புவோர் பலராயினர்.

அங்ஙனம் விரும்புவோர் கருதற்பாலன சில. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகள் புதியதன் அளவிற்கேற்ப அமைதல் வேண்டும். கிளட்ச் தட்டின் நடுப்பற்களும் கியர் பாக்ஸ் தண்டின் பற்களும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். ஆதலின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஒரே வண்டியினின்று ஒருசேரக் கொள்வதே நலம். கியர் பாக்ஸின் நீளம் வேறுபடின், பின்னச்சிற்குச் செல்லும் ஷாப்டை அளந்து திருத்திச் சமநிலை பார்த்தல் வேண்டும். இன்றேல் வேகத்தில் வண்டி அதிரும். மிகுந்த வலிமை மிகுந்த வெப்பத்தைத் தருமாதலின், ரேடியேட்டரும் அதற்கேற்றதாதல் வேண்டும்.

இவையனைத்தினும் தலையாயது பிரேக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடிய வண்டி 90 கிலோமீட்டரில் ஓடின், வேகம் ஒன்றரை மடங்காகும். நிறுத்தவேண்டிய ஆற்றலோ இரண்டேகால் மடங்காகும். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாலையில் நூற்பாரம் ஏற்றிய லாரிகளும், பேருந்துகளும், பள்ளிச் சிறுவர் சைக்கிள்களும் நெருங்கி வருகின்றன. ஆண்டு பல கழிந்த பிரேக்கை நம்பிப் புதிய வேகத்தை நாடுவோர், தம் உயிரையேயன்றிப் பிறருயிரையும் பணயம் வைப்போராவர்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. ஆகலின் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்றே எஞ்சினை மாற்றி, ஆர்.சி. புத்தகத்தில் அதனைப் பதிவித்தல் வேண்டும். மேலும், 2021இல் வெளியான விதிகளின்படி, ஐம்பதாண்டு கடந்த வண்டி பழம்பெருமை வண்டியெனப் பதிவு பெற வேண்டின், கூடும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி மூலவடிவில் இருத்தல் வேண்டும். எஞ்சினை மாற்றியவர் இத்தகுதியை இழப்பர்.

என்செய்வது? நாள்தோறும் ஓடி உழைக்கும் வண்டியாயின், மேற்கூறியன யாவும் நிறைவேற்றி மாற்றுக. கழற்றிய எஞ்சினை இரும்புக்கடைக்கு எடைபோடாது, எண்ணெய் பூசிக் காத்துவைக்க. மூலவடிவு கெடாத முதுவண்டியாயின், மாற்றுதலை விடுத்துப் பழுது பார்க்க. ஆழமறியாது காலையிடாதே என்பது முன்னோர் மொழி. பட்டறையிலும் அது பொய்ப்பதில்லை.