அந்தாதியும் அடுத்த பக்கமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்

ஒரு செய்யுளின் ஈறு அடுத்த செய்யுளின் முதலாக வருவது அந்தாதி. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தும், நூறு பாடல் கொண்ட அபிராமி அந்தாதியும் இவ்வகையின. கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தாலும், எதற்குப் பின் எது என்பதைப் பாட்டே காட்டிக்கொடுக்கும்.

இணையதளத்தில் ஒரு பாடத்தைப் பல பக்கங்களாகப் பிரித்து இடுவோர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். அங்கே கயிறு இல்லை; ஒவ்வொரு பக்கமும் தனி ஏடு. தேடுபொறி வழியே ஒருவர் நேராக ஏழாம் பக்கத்தில் வந்து இறங்கலாம். ஆறும் எட்டும் எங்கே என்பதை அப்பக்கமே சொல்லாவிடில், அவர் பொருளடக்கத்தைத் தேடி அலைய நேரும். கல்வராயன் மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊர்களிலிருந்து படிக்க வருவோர்க்கு இவ்வலைச்சல் சிறிதன்று. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியது நானே முதல். ஐயம் கேட்க அண்ணனோ அக்காளோ இல்லாதவர்க்குக் கைபேசிதான் துணை. அதில் பாதியில் அறுந்த பாடம் பெரும்பாலும் அறுந்ததுதான்.

செய்முறை எளிது. எச்.டி.எம்.எல். மொழியில், பக்கத்தின் அடியில் 'ஏ' என்னும் குறியால் இரண்டு இணைப்புகள் இடவேண்டும். அவற்றில் 'ரெல்' என்னும் பண்புக்கு 'நெக்ஸ்ட்', 'பிரெவ்' என்று மதிப்புத் தரலாம். பக்கங்களைத் தொகுக்க அக்குறிப்பைத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019இல் அறிவித்தது. அதனால் என்ன? நாம் இணைப்பு இடுவது படிப்பவருக்காக. வெறுமனே 'அடுத்து' என்னாமல், 'அடுத்து: ஓம் விதி' என்று வரும் பக்கத்தின் தலைப்பையே எழுதுக. இதன் ஈறு அதன் முதல், அந்தாதியேதான்! ஆனால் கடைசிப் பக்கத்தை முதற்பக்கத்தோடு பிணைக்க வேண்டா. மண்டலித்து வருவது அபிராமி அந்தாதிக்கு அழகு. பாடத்திலோ அது மாணவரைச் சுற்றலில் விட்டுவிடும்.

தொல்லையெல்லாம் இடைச்செருகலில்தான். சேலம் - விருத்தாசலம் இருப்புப்பாதையில் இரு நிலையங்களுக்கிடையே புதிதாக ஒன்று வந்தால், இருபுறத்தாருக்கும் அடுத்த நிலையம் மாறிவிடுமன்றோ? அதுபோல ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு பக்கம் நுழைந்தால் நான்கு இணைப்புகளை எழுதவேண்டும்: ஏழின் 'அடுத்தது', எட்டின் 'முந்தையது', புதிய பக்கத்தின் இரண்டும். எட்டின் 'முந்தையது' விடுபட்டால், முன்னே போகும்போது தெரியும் பக்கம் திரும்பி வரும்போது மறைந்துவிடும். இதைக் கையால் செய்வதைவிட, பக்க வரிசையை ஒரே பட்டியலில் வைத்து, அதைப் பார்த்து நிரலே இணைப்புகளை எழுதும்படி செய்வது நலம். பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் நான்கும் தாமே அமையும்.

கோப்புப் பெயரில் மட்டும் எண் இடாதீர்கள். இடையில் ஒன்று நுழைந்ததும் 'எட்டு' என்ற பெயருடைய கோப்பு ஒன்பதாவது இடத்தில் நிற்கும்.